தோமையாரைத் தேடிச் சென்னைக்கு வருகிறவர்களுக்கு

சென்னைக்கு முதல் முறை வரும் பலர் சாந்தோம் பேராலயத்தை மட்டும் பார்த்துவிட்டு, பின்னால் இருக்கும் கடற்கரையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கல்லறையைப் பார்த்தாயிற்று, அப்புறம் என்ன என்ற நினைப்பு. ஆனால் இயேசுவின் பன்னிரு சீடர்களில் ஒருவரான புனித தோமையாரின் கடைசி நாள்களைப் பற்றி இந்த ஊர் சொல்லும் கதை மூன்று இடங்களில் நடக்கிறது. ஒளிந்திருந்தது சின்னமலையில், உயிர்விட்டது பரங்கிமலையில், அடக்கம் செய்யப்பட்டது மயிலாப்பூர்க் கடலோரத்தில். கதை போகும் வரிசையிலேயே நீங்களும் போங்கள். காலையில் சீக்கிரம் தொடங்கினால் ஒரே நாளில் மூன்றையும் நிதானமாகப் பார்த்துவிடலாம்.

கிளம்பும் முன் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்று இடங்களிலும் பல காலத்துப் பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. பாரசீகத் திருச்சபையோடு தொடர்புள்ளவர்கள் செதுக்கிய சிலுவை, போர்த்துக்கீசியர் எழுப்பிய கோயில்கள், ஆர்மேனிய வணிகர் கட்டிய படிகள், ஆங்கிலேயர் காலத்துக் கோபுரம் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கூட வருகிறவர் எல்லாவற்றையும் தோமையார் காலத்தோடு சேர்த்துச் சொல்லிவிடுவார். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, இது எந்தக் காலத்தின் சாட்சி என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் நம்பிக்கையோடு இங்கே போகிறவன். அந்தக் கேள்வியால் என் பக்தி ஒரு துளியும் குறைந்ததில்லை. காயத்தில் விரலை இட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று சொன்னவரைத்தானே தேடிப் போகிறோம்.

முதலில் கொஞ்சம் படியுங்கள்

முந்தின நாள் இரவு அரை மணி நேரம் போதும். யோவான் நற்செய்தியில் மூன்று இடங்கள்: 11, 14, 20 ஆகிய அதிகாரங்கள். சந்தேகத் தோமா என்று எல்லோருக்கும் தெரிந்தது 20ஆம் அதிகாரம். ஆனால் 11ஆம் அதிகாரத்தை முதலில் படியுங்கள். யூதேயாவுக்குத் திரும்பிப் போனால் கல்லெறிந்து கொன்றுவிடுவார்கள் என்று மற்றச் சீடர்கள் தயங்கும்போது, நாமும் போவோம், அவரோடு சாவோம் என்று சொல்பவர் தோமாதான். 14ஆம் அதிகாரத்தில், நீர் எங்கே போகிறீர் என்றே தெரியாதபோது வழி எப்படித் தெரியும் என்று வெளிப்படையாகக் கேட்பவரும் அவரே. இந்த இரண்டையும் படித்த பிறகு 20ஆம் அதிகாரத்துக்கு வந்தால், சந்தேகக்காரர் என்று அவருக்கு ஒட்டிய பெயர் எவ்வளவு அநியாயம் என்று தெரியும். "என் ஆண்டவரே, என் கடவுளே" என்று நற்செய்தியிலேயே மிகத் துணிந்த அறிக்கையைச் செய்தவர் அவர்.

நற்செய்தியில் இந்தியா இல்லை. அவர் இந்தியாவுக்கு வந்தார் என்பதை விரிவாகச் சொல்லும் பழைய நூல் 'தோமாவின் பணிகள்'. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எதெசா நகரைச் சுற்றிய சிரியாக் மொழிப் பகுதியில் எழுதப்பட்டதாக அறிஞர்கள் கருதுகிறார்கள். எதெசா இன்று துருக்கியில் உள்ள உர்ஃபா. இந்த நூல் விவிலியத்தில் சேராது, வரலாறாகவும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் முதல் இரண்டு பகுதிகளையாவது படிக்காமல் வராதீர்கள்.

சீடர்கள் உலகத்தைத் தங்களுக்குள் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்கிறார்கள். தோமாவுக்கு இந்தியா விழுகிறது. நான் எபிரேயன், இந்தியர்களிடம் போய் எப்படிப் பேசுவேன், வேறு எங்கு வேண்டுமானாலும் அனுப்பும், அங்கே மட்டும் போகமாட்டேன் என்கிறார். இயேசுவோ சந்தையில் நின்றுகொண்டிருந்த ஹப்பான் என்ற வணிகனிடம் போய், என்னிடம் தச்சு வேலை தெரிந்த அடிமை ஒருவன் இருக்கிறான் என்று சொல்லி, விற்பனைச் சீட்டும் எழுதிக் கொடுத்துத் தோமாவை விற்றுவிடுகிறார். அப்படித்தான் அவர் கப்பலேறுகிறார். கொந்தபோரஸ் என்ற அரசன் அரண்மனை கட்டச் சொல்லிப் பணம் கொடுக்கிறான். தோமா முழுவதையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறார். அரண்மனை எங்கே என்று அரசன் கேட்டால், கட்டி முடித்தாயிற்று, இப்போது உனக்குத் தெரியாது, இந்த உலகை விட்டுப் போனபின் பார்ப்பாய் என்கிறார். அரசன் அவரைச் சிறையில் போடுகிறான். அன்றிரவே அரசனின் தம்பி இறந்துபோய், விண்ணுலகில் அண்ணனுக்காகக் கட்டிய மாளிகையைப் பார்த்துவிட்டு, அதை எனக்கு விற்றுவிடு என்று கேட்பதற்காகவே உயிர்பெற்று வருகிறான்.

இந்தக் கொந்தபோரஸ் வெறும் கதைப்பாத்திரம் என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆப்கானிஸ்தான், பஞ்சாப் பகுதிகளில் அவன் பெயர் பொறித்த காசுகள் கிடைத்தன. பெஷாவர் பக்கத்திலிருந்து வந்த தக்த்-இ-பாஹி கல்வெட்டு அவன் ஆட்சியைக் கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பாதியில் வைக்கிறது. இதனால் தோமா அங்கே போனார் என்று நிரூபணமாகிவிடாது. ஆனால் எங்கோ சிரியாவில் இருந்து எழுதியவருக்கு, இந்தியாவின் வடமேற்கில் சரியான காலத்தில் சரியான அரசன் ஒருவனின் பெயர் தெரிந்திருக்கிறது. எனக்கு அது சாதாரண விஷயமாகத் தோன்றவில்லை.

தெற்கு மரபு வேறு. கி.பி. 52இல் முசிறியில், அதாவது இன்றைய கொடுங்கல்லூர்ப் பக்கம் வந்து இறங்கினார், சேரக் கரையில் ஏழு சபைகளை நிறுவினார், பிறகு கிழக்கே வந்து 72இல் மயிலாப்பூரில் கொல்லப்பட்டார் என்று கேரளத்துப் பழைய கிறிஸ்தவர்களான நஸ்ராணிகள் தலைமுறை தலைமுறையாகப் பாட்டாகவும் கூத்தாகவும் சொல்லி வருகிறார்கள். இந்த ஆண்டுகளை எழுதிவைத்த முதல் நூற்றாண்டு ஆவணம் இல்லை. பயணம் சாத்தியமா என்றால், தாராளமாக. யவனரின் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் முசிறியை அகநானூறு பாடியிருக்கிறதே. பருவக்காற்றை நம்பி எகிப்திலிருந்து வணிகர்கள் ஆண்டுதோறும் வந்துபோன கடல்வழி அது. வணிகன் வரும் கப்பலில் ஒரு யூதர் ஏறி வருவதில் வியப்பில்லை.

சின்னமலை

மெட்ரோவில் வருவதே சுலபம். நீல வழித்தடத்தில் சைதாப்பேட்டைக்கும் கிண்டிக்கும் நடுவில் சின்னமலை நிலையம். இறங்கினால் கோயில் நடக்கும் தூரம்தான். மலை என்று பெயர் இருந்தாலும் அது ஒரு பாறைத் திட்டு. சுற்றிலும் நகரம் எழும்பிவிட்டதால் உயரமே தெரியாது.

நேராகக் குகைக்குப் போங்கள். போர்த்துக்கீசியர் 1551இல் கட்டிய ஆரோக்கிய மாதா கோயிலை ஒட்டியே குகை இருக்கிறது. வாசல் குறுகல், உயரமானவர்கள் தலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். துரத்தி வந்தவர்களிடமிருந்து தோமையார் இங்கே மறைந்து வாழ்ந்தார், ஜெபித்தார் என்பது மரபு. உள்ளே பாறையில் ஒரு திறப்பு தெரியும். ஆட்கள் நெருங்கியபோது அதன் வழியாகத்தான் தப்பிப் பெரிய மலைக்குப் போனார் என்பார்கள். பாறையில் உள்ள கைத்தடத்தையும் காட்டுவார்கள். வெளியே ஒரு சுனை உண்டு. மக்கள் தாகத்துக்கு அவர் கோலால் பாறையைத் தட்டியபோது ஊறியது என்று நம்பித் தண்ணீர் எடுத்துப் போகிறார்கள்.

கைத்தடமும் சுனையும் வரலாற்றாய்வாளர் கைக்குள் அகப்படாதவை. அவற்றை மக்கள் பக்தியின் சாட்சியாகப் பாருங்கள். ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளாக இங்கே வந்து மண்டியிட்டவர்களின் வேண்டுதல்கள் உண்மையானவை, அதுவே எனக்குப் போதும். பக்கத்தில் உள்ள பெரிய வட்டக் கோயில் 1970களில் எழுந்தது. அதில் அதிக நேரம் செலவிட வேண்டாம்.

கிளம்பும்போது சைதாப்பேட்டைப் பக்கம் அடையாற்றின் மேல் உள்ள மறைமலையடிகள் பாலத்தைக் கவனியுங்கள். அந்த இடத்தில் முதலில் பாலம் கட்டியவர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்ற ஆர்மேனிய வணிகர், ஆண்டு 1726. மயிலாப்பூர்ப் பக்கமிருந்து மலைக்குப் போகும் யாத்திரிகர்கள் ஆற்றைக் கடக்கப் படும் பாட்டைப் பார்த்துத் தன் சொந்தப் பணத்தைப் போட்டார். அவர் பெயர் அடுத்த இடத்தில் மறுபடி வரும்.

பரங்கிமலை

சின்னமலையில் ரயில் ஏறி ஆலந்தூரில் இறங்கி, பச்சை வழித்தடத்துக்கு மாறினால் அடுத்த நிலையமே பரங்கிமலை. தாம்பரம் போகும் மின்சார ரயிலும் இங்கே நிற்கும். நிலையத்திலிருந்து மலையடிவாரத்துக்கு ஆட்டோ பிடிக்கலாம், நடக்கவும் செய்யலாம்.

மேலே போக இரண்டு வழி. வண்டிச் சாலை ஒன்று, படிகள் மற்றொன்று. முழங்கால் ஒத்துழைத்தால் படியேறுங்கள். உஸ்கான் கட்டிய படிகள் இவை. அடிவாரத்து வாயில் வளைவில் 1547 என்ற ஆண்டு பொறித்திருக்கும். வழியெங்கும் சிலுவைப்பாதை நிலைகள். சித்திரை, வைகாசி வெயிலில் பத்து மணிக்கு மேல் ஏறுவது பெரும்பாடு. தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேலே உள்ள கோயில் சிறியது. உள்ளே நுழைந்ததும் நேராகப் பீடத்தைப் பாருங்கள். பீடத்தின் பின்னால் சுவரில் பதிந்திருக்கும் கற்சிலுவைதான் இந்த நாள் முழுவதிலும் நீங்கள் பார்க்கப்போகும் மிகப் பழைய கிறிஸ்தவப் பொருள். அவசரப்படாமல் நின்று பாருங்கள். நடுவில் சிலுவை, அதன் நான்கு முனைகளும் மொட்டு விரிவதுபோல் முடிகின்றன. மேலேயிருந்து புறா ஒன்று தலைகீழாக இறங்குகிறது. அடியில் இதழ்கள் இரண்டு பக்கமும் விரிந்து சிலுவையைத் தாங்குகின்றன. இருபுறமும் தூண்கள், தூண்களின் மேல் மகரங்கள். அந்த மகரங்களின் வாயிலிருந்து எழும் வளைவைச் சுற்றி ஓர் எழுத்து வரிசை ஓடுகிறது. இயேசுவின் உருவம் கிடையாது. நம் ஊர்க் கோயில் வாசலில் பார்த்த மகரம் இங்கே சிலுவைக்குக் காவல் நிற்பதைப் பார்க்கும்போது, செதுக்கிய கை எந்த மண்ணுடையது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

1547இல் கோயிலுக்கு அஸ்திவாரம் தோண்டியபோது போர்த்துக்கீசியர் இதைக் கண்டெடுத்தார்கள். தோமையார் தம் கையால் செதுக்கியது, இதைக் கட்டிப்பிடித்தபடியே உயிர்விட்டார் என்று அன்றே பேச்சு பரவிவிட்டது. உள்ளூர் அந்தணர் ஒருவரை அழைத்து எழுத்தைப் படிக்கச் சொன்னதாகவும், அவர் தோமாவின் வரலாறு முழுவதையும் அதில் படித்துக் காட்டியதாகவும் அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. 1558 டிசம்பர் 18 அன்று திருப்பலி நடக்கும்போது சிலுவை வியர்த்து, இரத்தம் போல் வடிந்தது என்றார்கள். அடுத்து வந்த ஆண்டுகளிலும் பல முறை நடந்ததாகவும், 1704க்குப் பிறகு நின்றுவிட்டதாகவும் பதிவு. இரத்தம் சிந்திய சிலுவை என்ற பெயர் அப்படி வந்தது. இன்றும் டிசம்பர் 18 இங்கே திருநாள்.

எழுத்து பஹ்லவி, அதாவது இடைக்காலப் பாரசீகம் என்று 19ஆம் நூற்றாண்டில் பர்னல் என்ற ஆங்கிலேய அறிஞர் கண்டுசொன்னார். இதே வாசகம் உள்ள சிலுவைகள் கேரளத்திலும் இருக்கின்றன. கோட்டயம் வலியபள்ளியில் உள்ளவை அவற்றில் பெயர்பெற்றவை. எழுத்தமைதியை வைத்து ஆறாம் நூற்றாண்டுக்கும் ஒன்பதாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது என்கிறார்கள். செதுக்கியவன் மேல் மெசியா இரக்கம் வைக்கட்டும் என்ற வேண்டுதலாகப் பெரும்பாலும் படிக்கிறார்கள். அப்படியானால் தோமையார் செதுக்கியதாக இருக்க முடியாது. எனக்கு இதில் ஏமாற்றம் இல்லை. போர்த்துக்கீசியர் வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பகுதியில் கிறிஸ்தவர்கள் வாழ்ந்தார்கள், பாரசீகத் திருச்சபையோடு உறவு வைத்திருந்தார்கள், நம் சிற்ப முறையில் சிலுவை செதுக்கினார்கள் என்பதற்கு இது கல்லில் நிற்கும் ஆதாரம். கிறிஸ்தவம் வெள்ளைக்காரனோடு வந்தது என்று யாராவது சொன்னால் இந்தச் சிலுவை முன் கொண்டுவந்து நிறுத்துங்கள்.

அவர் இறந்தது எப்படி என்பதில் மூன்று கதைகள். ஜெபித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஈட்டியால் குத்தினார்கள் என்பது இங்கே சொல்லப்படுவது. மஸ்தாய் என்ற அரசனின் ஆணைப்படி நான்கு வீரர்கள் ஊருக்கு வெளியே மலைக்குக் கூட்டிப்போய் ஈட்டியால் கொன்றார்கள் என்கிறது 'தோமாவின் பணிகள்'. 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ கேட்டது வேறு: மயில்கள் சூழ அவர் ஜெபித்துக்கொண்டிருந்தபோது, மயில் வேட்டைக்கு வந்தவன் அவரைக் கவனிக்காமல் எய்த அம்பு தைத்தது. இந்தக் கடைசிக் கதையில் கொலையாளியே இல்லை. உள்ளூரில் யார்மேலும் பழி விழக் கூடாது என்று நினைத்தவர்கள் அதைச் சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். யார் கொன்றார் என்பதை வைத்து இன்று ஒரு சமூகத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவர்களையும் இணையத்தில் பார்க்கலாம். சாட்சிகளே மூன்று விதமாகச் சொல்லும்போது அந்தப் பேச்சுக்கு இடமே இல்லை.

வெளியே வந்து மலையுச்சியில் கொஞ்சம் உட்காருங்கள். மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குவது தெரியும். 1802இல் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய நில அளவையாளர் இந்தியாவை அளக்கத் தொடங்கிய அடிக்கோடு இந்த மலைப் பக்கமிருந்துதான் இழுக்கப்பட்டது.

சாந்தோம்

பரங்கிமலையிலிருந்து நேராக மெட்ரோ இல்லை. கால் டாக்சி அல்லது ஆட்டோ வசதி. செலவைக் குறைக்க நினைத்தால் வேளச்சேரிக்குப் போய் அங்கிருந்து பறக்கும் ரயிலில் கலங்கரை விளக்கம் நிலையத்தில் இறங்கலாம். மதியச் சாப்பாட்டை மயிலாப்பூரிலேயே வைத்துக்கொண்டு, வெயில் தாழ்ந்ததும் கோயிலுக்குள் போவது நல்லது.

வெள்ளைக் கோபுரம் தூரத்திலேயே தெரியும். இந்தக் கட்டடம் 1896இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் போர்த்துக்கீசியர் கட்டிய கோயில் இருந்தது. அதற்கும் முன்? அதைத்தான் மார்க்கோ போலோ சொல்கிறார். ஊர் சின்னது, வணிகர் அதிகம் வருவதில்லை, ஆனால் கிறிஸ்தவர்களும் இஸ்லாமியர்களும் யாத்திரை வருகிறார்கள் என்கிறார். புனிதர் இறந்த இடத்துச் செம்மண்ணை எடுத்துப் போய், காய்ச்சல்காரனுக்குத் தண்ணீரில் கலந்து கொடுத்தால் குணமாகிறது என்றும் எழுதியிருக்கிறார். 1545இல் பிரான்சிஸ் சவேரியார் சில மாதங்கள் இங்கே தங்கி, கல்லறையருகே ஜெபித்து, மலாக்காவுக்குப் போகும் முடிவை எடுத்தார்.

கல்லறைக்குப் பிரதான வாசல் வழியாகப் போக வேண்டாம். கோயிலின் பின்பக்கம் தனி வழி இருக்கிறது. படியிறங்கினால் நிலத்தடிச் சிற்றாலயம். போர்த்துக்கீசியர் 1523இல் இங்கே தோண்டியபோது எலும்புகள், ஈட்டிமுனை, மண் நிறைந்த கலயம் ஆகியவை கிடைத்ததாக எழுதிவைத்தார்கள். பக்கத்தில் சிறிய அருங்காட்சியகமும் உண்டு.

புதிதாக வருகிறவர்கள் தவறாமல் கேட்பது: உடல் இங்கேதான் இருக்கிறதா? பெரும்பகுதி இல்லை. மூன்றாம், நான்காம் நூற்றாண்டுகளிலேயே எலும்புகள் எதெசாவுக்குப் போய்விட்டன. ஒரு வணிகன் இந்தியாவிலிருந்து கொண்டுவந்தான் என்று நான்காம் நூற்றாண்டுக் கவிஞர் புனித எப்ரேம் பாடியிருக்கிறார். அங்கிருந்து கிரேக்கத்தின் கியோஸ் தீவு, பிறகு 1258இல் இத்தாலியின் ஒர்தோனா. இன்றும் அங்கேதான். இங்கே இருப்பது முதல் கல்லறை என்ற நினைவும், அவர் உடலின் எச்சமாகப் போற்றப்படும் ஒரு சிறு திருப்பண்டமும். எப்ரேமின் பாட்டு எனக்கு முக்கியமாகப் படுகிறது. தங்கள் ஊருக்குப் பெருமை சேர்க்கும் எலும்புகள் இந்தியாவிலிருந்து வந்தவை என்பதை எதெசாக்காரர்களே ஒப்புக்கொள்கிறார்கள். பொய் சொல்வதானால் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மற்றொரு பேச்சும் காதில் விழும். மயிலையின் பழைய கபாலீசுவரர் கோயில் கடலோரத்தில் இருந்தது, போர்த்துக்கீசியர் காலத்தில் அழிந்தது என்பது மயிலாப்பூரில் பலர் சொல்வது. சாந்தோம் பகுதியில் சோழர்காலக் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்தும் இருக்கின்றன. இதைக் கேட்டுக் கோபப்படவோ மழுப்பவோ தேவையில்லை. போர்த்துக்கீசியர் செய்த அழிவுக்குத் தோமையார் பொறுப்பில்லை. தோமையாரின் பெயரைச் சொல்லி அந்த அழிவை மறைக்கவும் கூடாது. நேரமிருந்தால் மாலையில் இன்றைய கபாலீசுவரர் கோயிலுக்கும் நடந்து போய்வாருங்கள்.

சில நடைமுறைகள்

மூன்றும் வழிபாடு நடக்கும் கோயில்கள். ஞாயிறு காலையில் சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள். திருப்பலிக்குப் போவதானால் அது வேறு. ஜூலை 3 தோமையார் திருநாள், அன்று கூட்டம் நிறைய இருக்கும். பழைய நாள்காட்டியில் டிசம்பர் 21ஆக இருந்ததால் பெரியவர்கள் சிலர் அந்தத் தேதியையும் சொல்வார்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை போதும். சிலுவையையும் கல்லறையையும் படமெடுக்கும் முன் அங்கே இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், பிளாஷ் வேண்டாம்.

இதோடு நிற்க மனமில்லாவிட்டால்

தமிழ்நாட்டுக்குள்ளேயே இன்னோர் இடம் இருக்கிறது. பலர் இதை விட்டுவிடுகிறார்கள். கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்குப் பக்கத்தில் உள்ள திருவிதாங்கோட்டில் தோமையார் நிறுவியதாகச் சொல்லப்படும் அரைப்பள்ளி. கேரளத்து ஏழு பள்ளிகளோடு சேர்த்து இதை அரையாக எண்ணி, ஏழரைப் பள்ளி என்பார்கள். சிறிய கற்கட்டடம், மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையின் பொறுப்பில் இருக்கிறது. நாகர்கோவிலில் இருந்து தக்கலைக்குப் பேருந்து அடிக்கடி உண்டு.

அங்கிருந்து கேரளத்துக்குள் போனால் கொல்லம், நிரணம், கொடுங்கல்லூர், பாலயூர் என்று வடக்கே ஏறிக்கொண்டே போகலாம். அங்கே கட்டடங்களைவிட வழிபாட்டைப் பாருங்கள். சீரோ மலபார், ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயா, மார்த்தோமா என்று பல சபைகளாகப் பிரிந்துவிட்டவர்கள் எல்லோரும் தங்களைத் தோமாவின் பிள்ளைகள் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். போர்த்துக்கீசியர் தங்கள் முறைக்கு இவர்களை வளைக்கப் பார்த்தபோது 1653இல் மட்டாஞ்சேரியில் கூனன் சிலுவைச் சத்தியம் செய்து எதிர்த்து நின்ற வரலாறும் இவர்களுடையது. இன்றும் இவர்களின் சில குர்பானாக்களில், அதாவது திருப்பலிகளில், சிரியாக் பாட்டுகள் ஒலிக்கும். கொடுங்கல்லூர் அழிக்கோட்டுக் கோயிலில் 1953இல் ஒர்தோனாவிலிருந்து வந்த கை எலும்பு வைக்கப்பட்டிருக்கிறது. ஞாயிறு காலைக் குர்பானாவுக்குப் போவதென்றால் முந்தின நாளே அந்தந்தப் பள்ளியில் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். சபைக்குச் சபை வேறுபடும்.